தண்ணியில்லாக் காட்டில் ஒரு கரண்ட் மரம்!

'ஒழுங்கா வேலையைப் பாருங்க... இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிடுவேன்!'

தமிழ்நாட்டு ஆபீஸ்களில் மேலதிகாரிகள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் மந்திரம் இது. அந்தக் காடு எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராமநாதபுரம் மாவட்டம்! இத்தனை குமாஸ்தாக்களை நடுங்கவைத்த காடு நேரில் எப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சமயம் வாய்த்தது. பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனை முதுகுளத்தூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். (ஏன்டா என்று கேட்டால் 'ஆடிட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறான்.)

"வாடா, வந்து பாரு... தண்ணிதான் கம்மி. காடு நிறைய இருக்கு!" என்றான் போனில்.

மதுரையில் பஸ் பிடித்தால் மானாமதுரை, பரமக்குடி. பரமக்குடியில் இறங்கி இன்னொரு பஸ். வைகையைத் தாண்டித் தெற்கே போகப் போக, ஜன்னலுக்கு வெளியே பனைமரம், கண்மாய்க் கரை, ரோட்டோரமாகக் காயப்போட்ட குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான். இது மூன்றும் இல்லாத இடத்திலெல்லாம் ஒரே ஒரு மரம். முள். இடதுபக்கம் முள், வலதுபக்கம் முள். பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியே உள்ளே கையை நீட்டிக் குசலம் விசாரிக்கிற முள்!

"கையை உள்ள வைங்கண்ணே... கருவை கிழிச்சிப்புடும்" என்றார் கண்டக்டர்.

சீமைக் கருவேலம். ஊருக்கு ஊர் அதற்குப் பேர் வேறு. வேலிக்காத்தான் என்பார்கள், காட்டுக்கருவை என்பார்கள், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் போனால் வெறும் 'உடை'. தாவர சாஸ்திரக்காரர்களுக்கு புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. சொந்த ஊர் மெக்ஸிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும். 1870-களில் வெள்ளைக்கார வன அதிகாரிகள் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். விறகுப் பஞ்சம் தீர்ந்ததோ இல்லையோ, மரம் தீரவில்லை. ஆடு மாடு இலையைத் தொடாது. ஆனால், இனிப்பாக இருக்கும் நெற்றை ஆசையாகத் தின்னும். தின்று, நாலு மைல் தள்ளிப் போய் எருவோடு சேர்த்து விதைத்துவிட்டு வரும். அரசாங்கச் செலவில்லாத நடவு!

வேர் விஷயத்தில் இந்தக் குடும்பமே கில்லாடி. அமெரிக்காவில் அரிசோனா பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் வெட்டும்போது, இதன் உறவுக்கார மரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டது. பதினைந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த ஆழம். தண்ணியில்லாக் காட்டில் அது பச்சையாக நிற்பதில் என்ன ஆச்சரியம்?

●

நண்பன் என்னை மோட்டார்பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனான். (ஊர்ப் பேர் வேண்டாம், 'எங்க ஊரைப் பத்தி எழுதி, அதிகாரிக வந்து நிக்கப் போறாக' என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.) ஊருக்கு வெளியே ஆள் உயரத்துக்கு நாலைந்து மண் குவியல்கள். உச்சியிலிருந்து வெள்ளைப் புகை. முதலில் ஏதோ பிணம் எரிகிறது என்று நினைத்து மரியாதையாக நின்றேன்.

"அட, மூட்டம் சார்... கரிமூட்டம்!" என்று சிரித்தார் அங்கே நின்றிருந்தவர். ஐம்பது வயதிருக்கும். முகம், வேட்டி, துண்டு எல்லாம் ஒரே கலர்.

கரி சுடுவது நாம் நினைப்பதுபோல் விறகைப் போட்டுக் கொளுத்துகிற சமாசாரம் இல்லை. கொளுத்தாமல் இருப்பதுதான் அதில் வித்தையே. வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, இடுக்கெல்லாம் சின்னக் குச்சியாகச் செருகி, மேலே தழை பரப்பி, அதற்கு மேல் ஈரமண்ணைக் குழைத்துப் பூசிவிடுகிறார்கள். உச்சியில் தீயைப் போட்டு மூடிவிட்டால், காற்றுக்குத் திண்டாடிக்கொண்டு உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். குவியலின் அளவைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள்.

"வெள்ளையா, கனமா பொகை வந்தா உள்ள தண்ணி வத்துதுன்னு அர்த்தம். நீலமா, மெல்லிசா மாறிருச்சுன்னா கரி பதமாயிருச்சு. நடுராத்திரி எங்கயாச்சும் மண்ணு வெடிச்சுப் பொத்தல் விழுந்துருச்சுன்னு வைங்க... காத்து உள்ள போயிரும். விடியறதுக்குள்ள அம்புட்டும் சாம்பல். அதான் பக்கத்துலயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிறது."

"தூக்கம்?"

"பொண்டாட்டி முழிச்சிருக்கையில நான் தூங்குவேன். நான் முழிச்சிருக்கையில அது சோறாக்கும்."

ஆக, அந்த அம்மாள் எப்போது தூங்குவார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்த அம்மாளிடமும் கேட்டேன். புகையைக் கையால் விலக்கிக்கொண்டு சிரித்தார், அவ்வளவுதான்.

ஏறக்குறைய நாலு கிலோ விறகைச் சுட்டால் ஒரு கிலோ கரி தேறும். விறகில் இருந்த சூட்டில் பாதிக்கு மேல் புகையாக வானத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஏன் சுட வேண்டும்? விறகு சுமை, கரி லேசு. விறகு புகையும்; கரி புகையாது. நூற்றுக்கணக்கான மைல் லாரியில் ஏற்றிப்போய் விற்கக் கட்டுப்படியாகும்.

எங்கே போகிறது இந்தக் கரி? நேற்று ராத்திரி ஓட்டலில் நீங்கள் சாப்பிட்ட தந்தூரி ரொட்டி அடுப்புக்கு. கொல்லன் உலைக்கு. கொசுவத்திச் சுருள் செய்கிற தொழிற்சாலைக்கு. காலையில் நீங்கள் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போன சட்டை இருக்கிறதே... தெருமுனைத் தள்ளுவண்டி இஸ்திரிப் பெட்டிக்குள் சிவந்து கிடந்ததும், பெரும்பாலும் இந்த முள்ளாகத்தான் இருக்கும். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று உங்களை மிரட்டுகிற அதிகாரியின் சட்டை உட்பட!

●

கண்மாய்க்குள் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கண்மாய் என்று அவர்கள் சொன்னதால் நம்பினேன். எனக்குத் தெரிந்தது முள்காடுதான். ஆண்கள் கோடாரியோடு, பெண்கள் அரிவாளும் கவைக்கம்புமாக. கவைக்கம்பால் கிளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளைக் கழித்து, கட்டையைத் தனியே போடுகிறார்கள். காலில் லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. சாதாரணச் செருப்பு இந்த முள்ளுக்குக் காகிதம் மாதிரி. மோட்டார்பைக் டயரையே பதம் பார்க்கிற முள். (பார்த்தது. நண்பனின் வண்டிக்கு பஞ்சர் ஒட்டிய கதை தனி.)

எழுபது வயதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர் நிழலில் உட்கார்ந்து, காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். முள்ளை எடுப்பதற்கு வைத்திருந்ததும் முள்தான்.

"என்னப்பு... பட்டணத்துல இருந்து வந்தீகளா?"

"ஆமா அப்பத்தா. இந்த மரம் நல்லதா, கெட்டதா?"

ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். படித்தவன் கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை.

"மழை பேஞ்சா வெள்ளாமை. பேயலைன்னா கருவை. அம்புட்டுத்தான். எங்க கண்மாயைத் தின்னதும் இதுதான், எங்களுக்குக் கஞ்சி ஊத்துறதும் இதுதான். இதுல நல்லதென்ன, கெட்டதென்ன?"

இரண்டு நாள் சுற்றியதில் நான் கேட்ட அத்தனை பேச்சுக்கும் இதுதான் சாரம். மழை பொய்த்த வருஷத்தில் நெல்லும் போய், மிளகாயும் போய்விட்டால், அந்த ஊரில் கூலிக்கு மிஞ்சியிருப்பது விறகுவெட்டும் கரிமூட்டமும்தான். பட்டாதாரருக்கும் சௌகரியம். உழ வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சில வருஷத்துக்கு ஒரு முறை காண்டிராக்டரிடம் வெட்ட விட்டுவிட்டால், வெட்டிய தூரிலிருந்து மறுபடியும் தழைத்துக்கொள்ளும். அப்படி விட்ட நிலம் திரும்ப உழவுக்கு வருவது மட்டும் கஷ்டம். தூரைப் பிடுங்க ஜே.சி.பி. வைக்க வேண்டும். அந்த வாடகைக்கு, அந்த நிலத்தில் எத்தனை வருஷம் மிளகாய் போட்டால் ஈடாகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னொரு தடவை வெட்ட விட்டுவிடுகிறார்கள். முள்ளுக்குள் குடித்தனம் வைக்கும் காட்டுப்பன்றிகள், பக்கத்து வயலில் பாக்கியிருக்கும் வெள்ளாமையையும் கவனித்துக்கொள்கின்றன.

●

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை, கரண்ட்.

இந்தியா எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, செடி கொடியிலிருந்தே மின்சாரமும் டீசலும் எடுக்க வேண்டும் என்று இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஓர் அலை அடித்தது. அதில் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டை வட்டாரங்களுக்கு வந்து சேர்ந்தவை விறகு மின் நிலையங்கள். சீமைக் கருவேலத்தை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் டர்பைன் சுற்றுகிற ஏற்பாடு. நிலக்கரிக்குப் பதில் முள்.

யோசித்துப் பாருங்கள், அருமையான யோசனை! வேண்டாத மரம் ஒழியும், கூலி வேலை பெருகும், விளக்கும் எரியும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

அப்படி ஒரு நிலையத்தின் வாசலில், எடை மேடைக்காகக் காத்து நின்ற விறகு லாரிகளின் வரிசையைப் பார்த்தேன். டிரைவர் ஒருவரோடு டீ குடித்தபடி, காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். விறகில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் ஒன்றேகால் கிலோ வேண்டும். பத்து மெகாவாட் நிலையம் ராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். அப்படியானால் விறகு? 300 டன்! பத்து டன் லாரி என்றால், தினம் முப்பது லாரி. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் எதற்கும் லீவு கிடையாது. வனத்தின் பசியைவிடக் கொதிகலனின் பசி பெரிசு.

"ஆரம்பத்துல பக்கத்து ஊருலயே விறகு கெடைச்சுது சார். அப்புறம் பத்து மைலு, இருபது மைலு... இப்ப எங்கெங்கயோ போயி அள்ளிட்டு வர்றோம். ஈரமா இருந்தா எடையில கழிச்சிருவாக. மழை பேஞ்சா வெட்டவும் முடியாது, லாரி உள்ள போகவும் முடியாது" என்றார் டிரைவர்.

விறகு விலை ஏறியது. மின்சாரத்துக்குக் கிடைத்த விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. கட்டுப்படியாகாமல் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பல நிலையங்கள் ஓய்ந்துவிட்டன. எரிகிறவை சில, துருப்பிடிக்கிறவை பல.

சரி, விலை ஏறியதே... வெட்டியவர்களுக்கு லாபம்தானே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. முள்ளுக்கு விலை இல்லாத காலத்தில், ஊரில் யார் வேண்டுமானாலும் போய் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கலாம். 'வேண்டாத சனியன்... வெட்டிட்டுப் போ' என்பார்கள். முள்ளுக்கு விலை வந்ததும் முள்ளுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்! பட்டா நிலம் என்றால் காண்டிராக்டர் ஆள் போட்டுக் காவல். கண்மாய் என்றால் ஏலம். ஏலம் எடுத்தவர் கண்ணில் படாமல் சுள்ளி பொறுக்கினால் அதற்குப் பேர் திருட்டு. அப்பத்தா வீட்டு அடுப்பும் பத்து மெகாவாட் கொதிகலனும் ஒரே விறகுக்குப் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள்?

"கேஸ் சிலிண்டர் குடுத்தாங்களே?" என்றேன். 2016-லிருந்து நாடெங்கும் மத்திய அரசு ஏழைப் பெண்கள் பேரில் இணைப்புக் கொடுத்தது ஞாபகம் வந்து.

"இருக்கே! அந்தா மூலையில. விருந்தாளி வந்தா டீ போடுவோம்" என்று காட்டினார் அப்பத்தாவின் மருமகள். சிலிண்டர் மேல் துணி போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள். ரீஃபில் வாங்குகிற காசுக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த டீயைக் கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன்.

●

முள்ளுக்கு ஒரு போட்டியாளரும் வந்து போனார். காட்டாமணக்கு!

2003-ல் மத்தியத் திட்டக்குழு அமைத்த குழு, தரிசு நிலங்களில் லட்சக்கணக்கான ஹெக்டேர்களில் காட்டாமணக்கு பயிரிட்டு டீசல் எடுக்கலாம் என்றது. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது அதை உற்சாகமாக ஆதரித்துப் பேசினார். 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலிலும் பெட்ரோலிலும் 20 சதவீதம் கலப்பு என்று இலக்கு வைத்தது. தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, தரிசில் தங்கம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள்.

ஆடு கடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்க்கவும் இல்லை. தமிழ்நாட்டில் நட்டுப் பார்த்த விவசாயிகளில் பெரும்பாலோர் சில வருஷத்திலேயே பிடுங்கி எறிந்தார்கள். 2017 வந்தது, போனது. காட்டாமணக்கு டீசலைக் காணோம். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்டது நிஜம். ஆனால், அது கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் கொடுத்தது. தரிசுக் காட்டாமணக்கு அல்ல.

இதில் நம் முள்ளுக்கு என்ன சம்பந்தம்? ஜெனிஃபர் பாகா என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர், சாத்தூர் வட்டாரத்தில் தங்கி இதை ஆராய்ந்தார். காட்டாமணக்குக்காக 'தரிசு' என்று குறித்துக் கொடுக்கப்பட்ட நிலங்களில் தரிசு எங்கே? அங்கே சீமைக் கருவேலம் நின்றது. அதை நம்பி அடுப்புகள் எரிந்தன, கரிமூட்டம் எரிந்தது, செங்கல் சூளை எரிந்தது. அவரும் ராபர்ட் பெய்லிஸும் 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, அந்த முள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த உபயோகமான எரிசக்தி, காட்டாமணக்கு டீசல் கொடுக்கக்கூடியதைவிடக் குறைந்தது இரண்டரை மடங்கு. அதிகம் போனால் பத்து மடங்கு! அதாவது, எரிசக்திக்காக எரிசக்தியை அழித்த திட்டம். தரகர்கள் மூலம் நிலம் கைமாறியது மட்டும் மிச்சம் என்கிறார்.

தரிசு என்பது தாசில்தார் ஆபீஸ் ரிஜிஸ்தரில் ஒரு வார்த்தை. ஏக்கருக்கு இவ்வளவு தீர்வை வராத நிலம் என்று அதற்கு அர்த்தம். யாரும் பிழைக்காத நிலம் என்று அர்த்தமில்லை. இந்த ஒரு குழப்பத்தில்தான் பல கோடி ரூபாய்த் திட்டங்கள் வழுக்கி விழுகின்றன.

கமுதிப் பக்கம் போனால் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த அந்த வகையில் உலகத்திலேயே பெரிசு. இருபத்தைந்து லட்சம் பேனல்கள். வெட்ட வேண்டாம், சுட வேண்டாம், புகை கிடையாது. ரொம்ப நல்லது. நமக்கும் பேனல் துடைக்கிற வேலையாவது கிடைக்கும் என்று பார்த்தால், துடைப்பதற்கு ரோபோ!

●

அப்படியானால் முள் வாழ்க என்று சொல்ல வருகிறேனா? இல்லவே இல்லை. ராமநாதபுரத்தின் உயிர் கண்மாயில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதம் கொடுப்பதைப் பிடித்துவைத்துக்கொண்டு வருஷம் பூராவும் பிழைக்க வேண்டிய ஊர் அது. அந்தக் கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் முள் நின்றால் தண்ணீர் எங்கே வரும், எங்கே நிற்கும்? புல் முளைக்காது, மேய்ச்சல் கிடையாது. நாட்டுக் கருவேலமும் எழும்ப முடியாது.

ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில், 2017-ன் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்லிக் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டது. ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது. அரியலூரில் ஒரு நீதிபதி, ஜாமீன் கேட்டு வந்தவர்களுக்கு நூறு கருவேல மரம் வெட்ட வேண்டும் என்றே நிபந்தனை விதித்தார். உள்ளே இருப்பது சுலபமா, வெட்டுவது சுலபமா என்று சிலர் யோசித்திருப்பார்கள்! அதே வருஷம் ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கண்டபடி பிடுங்கினால் என்ன ஆகும், அந்த இடத்தில் என்ன நடுவது, அதை நிபுணர்கள் சொல்ல வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு அப்புறமும் பல வளைவு நெளிவுகளைக் கண்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுகுளத்தூருக்குப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதே வருஷம் ராம்சார் பட்டியலில் ஏறின. கூழைக்கடாக்களும் நாரைகளும் அந்தக் கண்மாய்களின் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது என்பது ஜே.சி.பி. டிரைவர் முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை.

அவர்களோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாகக் கண்டு மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்னதாக ஒரு முன்பணம், வருஷக்கணக்கில் உழைப்பு, தீராத கடன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்! நான் போன ஊரில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால், 'முன்பணம்' என்ற வார்த்தை மட்டும் ஒவ்வொரு பேச்சிலும் வந்தது. மூட்டக்காரர் காண்டிராக்டரிடம் வாங்கியிருக்கிறார்; வெட்டுகிறவர்கள் மூட்டக்காரரிடம் வாங்கியிருக்கிறார்கள். கரிக்கு விலை ஏறினால் அது மேலே நின்றுவிடுகிறது. இறங்கினால் மட்டும் ஒழுங்காகக் கீழே வந்துவிடுகிறது.

இதற்கு ஊர்க்காரர்களிடம் வழி இருக்கிறதா என்று கேட்டேன். கரிமூட்டக்காரர்தான் தெளிவாகச் சொன்னார்.

"கண்மாய்க்குள்ள, கால்வாய்ல இருக்கறதை முதல்ல வேரோட எடுக்கணும் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. என் மூட்டம் போனாலும் பரவாயில்லை. ஆனா, எடுத்த கையோட மராமத்துப் பண்ணித் தண்ணிய நிப்பாட்டணும். எடுக்கற கூலிய எங்களுக்கே குடுக்கணும், மிஷினுக்குக் குடுக்கக் கூடாது. மேட்டுக்காட்டுல நிக்கறதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவைங்க. தண்ணி நின்னு, வெள்ளாமை வந்துருச்சுன்னா எவன் சார் இந்தப் பொகைக்குள்ள வந்து படுப்பான்?"

பொருளாதாரம் படித்தவர் இல்லை. ஆனால், கண்மாய் முதலில், கொதிகலன் பிறகு. கூலி முதலில், மிஷின் பிறகு. மாற்று வழி வந்த பின் வெட்டு என்று வரிசைப்படுத்திய விதத்தில், பல அறிக்கைகளில் இல்லாத ஒழுங்கு இருந்தது. எரிசக்தித் திட்டம் போடுகிறவர்கள் மெகாவாட்டில் ஆரம்பித்து ஊரில் முடிக்கிறார்கள். அவர் ஊரில் ஆரம்பித்து மெகாவாட்டுக்கு வந்தார்.

உங்கள் மேலதிகாரி உங்களை நிஜமாகவே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினால், தாராளமாகப் போங்கள். மனிதர்கள் தங்கமானவர்கள், மிளகாய் மட்டும்தான் காரம். டயர் விஷயத்தில் ஜாக்கிரதை. அப்படியே, 'தரிசு நிலத்தில் பசுமை எரிபொருள்' என்று இனிமேல் பேப்பரில் எங்கே படித்தாலும், காபியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தத் தரிசில் இப்போது யார் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது?